நாற்பத்தொரு டம்ளரும் ஒரு கொசுறும்

உலகத்திலேயே ஒரே ஒரு பிரதி இருந்து, அதுவும் காணாமல் போய்விட்ட ஒரு பாட்டுச் சுவடியின் விலை, தை மாத நிலவரப்படி, எவர்சில்வர் டம்ளர் நாற்பத்தொன்று. மார்கழியில் இருபத்திரண்டாக இருந்தது. கார்த்திகையில் வெறும் ஒன்பது.

“சரக்கு ஏறல, டாக்டரம்மா. நீங்கதான் ஏத்தி விட்டிருக்கீங்க,” என்றார் நைனா முகமது.

டாக்டரம்மா ஊசி போடுகிறவர் அல்ல. தொல்லியல் முனைவர் தில்லைநாயகி. சேந்தன்துறை அகழாய்வுக்குத் தலைவர். கடற்கரைக் கருவேலங்காட்டுக்கு நடுவே தகரக் கொட்டகை போட்டு எட்டு மாதமாக உட்கார்ந்திருந்தார். நைனா முகமதுவுக்குக் கீழக்கரையில் கல் தரகு. நீலம், கோமேதகம், முத்து எதுவானாலும் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே விலையை முடித்து, இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கத்தாரும் தன்னை வாழ்த்தும்படி எழுந்து வருகிறவர். ‘வாய் திறக்காமல் பேரம் பேசத் தெரிந்த ஆள் வேண்டும்’ என்று தில்லைநாயகி விசாரித்தபோது, ஐந்து பேர் அவர் பெயரைச் சொன்னார்கள். ஐந்து பேரும் அவரிடம் ஏமாந்தவர்கள்.

“கைய உள்ள விட்டப்போ உங்க கை நடுங்குச்சா?” என்று கேட்டார் தரகர்.

“கொஞ்சம்.”

“கொஞ்சமா? இப்பவே நடுங்குது. நடுங்குற கைக்கு எவன் விலையக் கொறைப்பான்?”

கொட்டகையின் நடுவில் இரும்புச் சட்டம் ஒன்று நின்றது. சட்டத்துக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கறுப்பு. பெயிண்ட் அடித்த கறுப்பு இல்லை. விளக்கை எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் வெளுக்காத கறுப்பு. அதைக் கவனித்துக்கொள்வது ஜெரோம். பாம்பன் பையன், இயற்பியல் படித்துவிட்டு, படித்ததை வீட்டில் விளக்க முடியாமல் தவிப்பவன். கீழக்கரை முறைப்படி நைனா முகமதுவைக் ‘காக்கா’ என்று, அதாவது அண்ணன் என்று, அழைப்பவன்.

“இந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம் என்ன ஊரு, தம்பி?”

“இதே ஊருதான், காக்கா. இதே எடம். வருஷந்தான் வேற. ரெண்டாயிரத்துச் சொச்சம் முன்னாடி. இங்க யவனக் கப்பல் வந்து நின்ன காலம்.”

“பாக்க முடியுமா?”

“வெளிச்சம் போகாது, சத்தம் போகாது. கை போகும், முழங்கை வரைக்கும். சின்னச் சாமான் போகும். ஆனா இந்தப் பக்கம் எவ்வளவு எடை போகுதோ, அந்தப் பக்கத்துலேருந்து அவ்வளவு எடை வரணும். ரெண்டு பக்கமும் சாமான வச்சுக் கைய எடுத்தாத்தான் மாறும். இல்லேன்னா ஒரு குண்டூசி நகராது.”

“உள்ள போன கை திரும்பி வருமா?”

“இதுவரைக்கும் வந்திருக்கு.”

நைனா முகமது தன் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

மீதிக் கதையைத் தில்லைநாயகி சொன்னார். முதலில் பழைய எழுத்தில், பழைய நடையில், செப்புத் தகட்டில் ஒரு வாழ்த்து எழுதி அனுப்பினார்களாம். எட்டுப் புலவர்கள் சேர்ந்து பிழை திருத்தியது. பதிலுக்கு ஒரு கருவாடு வந்தது. அப்புறம் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தார்கள். பளபளப்பைப் பார்த்து அந்தப் பக்கத்து ஆள் அசந்துபோயிருக்க வேண்டும். எடைக்கு எடை சேர்க்க, கையில் கிடைத்த உடைந்த சட்டி ஓட்டை அள்ளி வைத்திருக்கிறான்.

“பானை ஓடு! ரோமாபுரி மதுச்சாடியோட கழுத்துத் துண்டு! எங்களுக்குச் சந்தோஷம் தாங்கல. கைய உள்ள விட்டு அவர் கையப் புடிச்சுக் குலுக்கிட்டோம்.”

நைனா முகமது நெற்றியில் அடித்துக்கொண்டார். “விளங்கிச்சு. நல்ல பாத்திரத்தக் குடுத்துட்டு ஒடஞ்ச சட்டிக்குக் கையக் குலுக்குற கிறுக்கனுங்க பக்கத்துல கடை போட்டுருக்கோம்னு அன்னைக்கே அந்தாளு வீட்டுல போய்ச் சொல்லியிருப்பான்.”

எட்டு மாதத்தில் அந்தத் துறைமுகத்தின் குப்பை முழுவதும் டம்ளராக மாறிவிட்டிருந்தது. தில்லைநாயகி அந்தக் குப்பையை வைத்து இரண்டு கட்டுரை எழுதி, இரண்டுக்கும் பாராட்டு வாங்கியிருந்தார். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் இல்லை. வருத்தம் கார்த்திகையில் ஆரம்பித்தது. ஒரு நாள் வந்த கருவாட்டுக் கட்டைச் சுற்றி ஓர் ஓலை இறுக்கியிருந்தது. அதில் நாலு வரி எழுத்து. கப்பலில் போனவன் திரும்பாத நாளில், உப்பளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் நாரையிடம் ஒருத்தி கேள்வி கேட்கிறாள். எந்தத் தொகையிலும் இல்லாத பாட்டு. யாரும் மேற்கோள்கூடக் காட்டாத பாட்டு.

“கைய விட்டுத் தடவிப் பாத்தேன். கட்டா வச்சிருக்கார், காக்கா! மூணு விரற்கடை கனத்துக்கு ஓலை. கருவாடு கட்ட ஒவ்வொண்ணா உருவுறார். நேத்துத் தொட்டப்போ ரெண்டரைதான் இருந்துச்சு. இன்னும் மூணு வாரத்துல இந்த ஓட்டை தானா மூடிரும். அதுக்குள்ள அது எனக்கு வேணும். என் சம்பளத்தப் பூரா எடுத்துக்கங்க.”

அதைச் சொல்லும்போது கை மட்டுமல்ல, ஆளே நடுங்கினார். நைனா முகமதுவுக்கு ஒரு வியாபாரியாகப் பார்க்கவே பொறுக்கவில்லை.

“மொதல்ல நீங்க இன்னிலேருந்து அந்த ஓட்டைப் பக்கமே வரக் கூடாது,” என்றார்.

மறுநாள் அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓட்டையின் மேல் திரையாகப் போட்டார். உள்ளேதான் ஒன்றும் தெரியாதே, துண்டு எதற்கு என்று ஜெரோம் கேட்டான். “மரியாதை தம்பி,” என்று பதில் வந்தது. பிஸ்மி சொல்லிக் கையை விட்டார்.

குளிர்ந்த தண்ணீர்ப் படலம் போல ஏதோ முழங்கையைச் சுற்றிக்கொண்டது. பிறகு காற்று. கடல் காற்றுதான், கொஞ்சம் அதிக உப்பு. பிறகு ஒரு கை வந்து அவர் கையைப் பிடித்தது.

நைனா முகமது கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு விரலைப் பிடித்தார், விட்டார். அந்தக் கை சற்றே யோசித்தது. பிறகு அவருடைய நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து, உள்ளங்கையில் ஒரு சுண்டு சுண்டியது.

“யா அல்லா!” என்று கத்தினார். “நாப்பத்தொண்ணுங்கிறான்! இவன் நம்மாளு! துண்டு போட்ட கை இது!”

அன்று முழுவதும் விரலைப் பிடிப்பதும் மடக்குவதும் உள்ளங்கையைக் கீறுவதுமாக ஓடியது. சாயங்காலம் வெளியே வந்தவரின் முகத்தில், கல்யாண வீட்டில் பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்டு வந்த களை.

“ஆள் எப்படி?” என்றார் தில்லைநாயகி.

“கையப் புடிச்சா ஆளச் சொல்லிருவேன். நாப்பத்தஞ்சு வயசு. தடிச்ச ஆம்பள. சம்சாரம் ரெண்டு இருக்கும், அதான் இவ்வளவு பொறுமை. தொழில்ல ஒரு தடவ பலமா ஏமாந்தவன். நமக்கு மச்சான் முறை வச்சுக்கலாம்.”

மச்சானோடு பேரம் நடந்தது. சுவடி எடையில் குறைவதை ஓட்டுத் துண்டால் நிரப்பிக்கொள்வது என்று ஏற்பாடு. நாற்பத்தொன்று முப்பதானது. அன்று முடியவில்லை என்று கையை உதறிவிட்டு வருவார். மறுநாள் சுவடியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் வெறும் ஓட்டுக்கு விலை கேட்பார். மச்சானுக்குச் சுருக்கென்று இருக்கும். அவனே சுவடியை எடுத்து அவர் விரலில் படும்படி வைப்பான். அவர் அதைச் செல்லாக்காசு போல் ஒதுக்கித் தள்ளுவார். துண்டுக்கு இந்தப் பக்கம் தில்லைநாயகி வாயில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இருபதுக்கு வந்ததும் பேரம் நின்றுபோனது. விலை ஒத்துவந்தும் மச்சான் உள்ளங்கையில் தட்டிக் கொடுக்கவில்லை. கையை மல்லாத்தி வைத்துக்கொண்டு, விரல் நுனிகளை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன கேக்குறார்?”

நைனா முகமது திரும்பிப் பார்த்த பார்வையில் மச்சானின் எட்டு மாதத்துக் கோபம் இருந்தது. “இத்தன நாள்ல நீங்க ஒரு நாளாவது கொசுறு குடுத்திருக்கீங்களா?”

“எடைக்கு எடைதானே காக்கா மாறும்? கூட வச்சா இயந்திரம் தூக்காதே.”

“ஒரு இத்தினியூண்டு கூடவா தூக்காது?”

ஜெரோம் தலையைச் சொறிந்தான். “ஐம்பது கிராம் வரைக்கும் பிழை ஓடும்.”

“அதுக்கு எங்க கடைத்தெருவுல பிழைன்னு பேரு இல்ல, தம்பி.”

ஒரு டம்ளரோடு ஒரு கடலை மிட்டாயை வைத்தார்கள். இரண்டும் போயின. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கை வேகமாக வந்து, நைனா முகமதுவின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் படபடவென்று தட்டியது. மறுநாள் சுவடியின் விலை பதினேழு.

அந்த வாரம் சென்னையிலிருந்து கோதண்டம் வந்தார். திட்டத்தின் மேற்பார்வை அவர்தான். கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளின் அடியில் இருந்த கையெழுத்து அவருடையது. மருந்து அனுப்பக் கூடாது, ஆயுதம் அனுப்பக் கூடாது, அச்சிட்டது எதுவும் அனுப்பக் கூடாது. மூல நோய்த் தொந்தரவு இருந்ததால் உட்கார ஒரு ரப்பர் வளையத்தைக் கையோடு கொண்டுவருவார். எல்லாருக்கும் மிக்சர் வாங்கி வருவார். நைனா முகமதுவின் கமிஷனில் இரண்டு சதவீதம் வெட்டினார். வெட்டிவிட்டு, மகளின் மருத்துவ மேற்படிப்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தார். போகும்போது, “நானும் ஒரு தடவை?” என்று கூச்சத்தோடு கேட்டுத் துண்டுக்கு அடியில் கையை விட்டார். அந்தப் பக்கம் என்ன செய்ததோ, சின்னப் பிள்ளை போலக் கெக்கலித்துவிட்டார்.

சுவடி கைமாற வேண்டிய வியாழக்கிழமை, பதினேழு டம்ளரும் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. கொசுறுக்குக் கடலை மிட்டாய் இரண்டு. நைனா முகமது கையை விட்டார்.

விட்ட வேகத்தில் வெளியே இழுத்தார்.

“என்ன காக்கா? கடிச்சிருச்சா?”

“வளையல்,” என்றார். “சங்கு வளையல். நாலஞ்சு. மேல ஏத்தி விட்டுட்டு வந்திருக்கு இத்தன நாளும். இன்னைக்கு மறந்து எறங்கி என் கையில இடிக்குது.” நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். “பொம்பள! ரெண்டு வாரமா அந்நியப் பொம்பள கையப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன்! எங்க வீட்டுல தெரிஞ்சா?”

“அந்தம்மாவுக்கு வயசு ரெண்டாயிரத்துக்கு மேல, காக்கா,” என்றான் ஜெரோம்.

“எங்க வீட்டுல அதையெல்லாம் கணக்குல எடுக்க மாட்டா!”

அவர் இனித் தொடமாட்டார் என்பது முடிவாகிவிட்டது. தில்லைநாயகி சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“நடுங்கப்படாது,” என்றார் நைனா முகமது. “பதினேழுக்கு மேல ஒண்ணு கேட்டாலும் கைய உருவிரணும்.”

தில்லைநாயகி கையை விட்டார்.

“காக்கா, அவங்க விலையே கேக்கல. கட்ட அப்படியே எடுத்து என் கையில திணிக்கிறாங்க.”

“சும்மாவா? எதோ வில்லங்கம். வாங்காதீங்க.”

“அவங்க கை சரியில்ல. ஒரே உதறல்.” பிறகு அவர் குரல் மாறியது. “இப்ப வேற கை. சின்னது… குழந்தை, காக்கா. அவங்கதான் புடிச்சு உள்ள நீட்டுறாங்க. இரும்பு அடுப்பு மாதிரிக் கொதிக்குது.”

ஜெரோம்தான் முதலில் வாயைத் திறந்தான். சொல்ல விரும்பாததைச் சொல்கிறவன் போல, சுவரில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“மருந்து கூடாது, மேடம். விதி சும்மா போடல. அந்தப் புள்ள பொழைக்காமப் போன கதையிலதான் நாம எல்லாரும் பொறந்திருக்கோம். அது பொழைச்சு, வளந்து, கல்யாணம் பண்ணி, அதுக்குப் புள்ள பொறந்துன்னு போனா, இன்னைக்கு இருக்கறவங்கள்ல யாரோ இருக்க மாட்டாங்க. இல்லாதவங்க யாரோ இருப்பாங்க.”

“இப்பவேவா?” என்றார் நைனா முகமது.

“ஓட்டை தொறந்திருக்கற வரைக்கும் அங்க இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. மூடினாத்தான் நடந்து முடிஞ்சதா ஆகும். இந்தக் கொட்டகைக்குள்ள இருக்கறது எதுவும் மாறாது. வெளியதான். அதான் இன்னும் கஷ்டம். நமக்குப் பழசு ஞாபகம் இருக்கும்.”

நைனா முகமது தன் ஆயுசில் எத்தனையோ பேரை இக்கட்டில் பார்த்தவர். மகள் கல்யாணத்துக்கு முதல் நாள் கல்லை விற்க வந்தவனிடம் பாதி விலைக்கு வாங்கியிருக்கிறார். வாங்கிய பின் தூங்கியும் இருக்கிறார். இப்போது கையெட்டும் தூரத்தில் விலை கேட்காத சுவடி ஒன்று கிடந்தது. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு தாய். பதினேழை மிச்சப்படுத்த இதைவிட நல்ல நேரம் வராது.

அவரோ போனை எடுத்து மகள் பானுவைக் கூப்பிட்டார். மதுரையில் குழந்தை மருத்துவம் படிக்கிறவள்.

“ஒரு புள்ளைக்குக் காய்ச்சல்மா. கடுமையா அடிக்குது.”

“எத்தன வயசு வாப்பா?”

“கை அளவுக்கு மூணு இருக்கும்.”

“கை அளவா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.”

“இன்னும் ஆஸ்பத்திரி கட்டலம்மா.”

“எந்த ஊர்ல?”

“எந்த ஊர்லயும்.”

பானு பெருமூச்சு விட்டாள். வாப்பாவின் சிநேகிதர்களை அவளுக்குத் தெரியும். பார்க்காமல் எதுவும் சொல்லக் கூடாது என்று திட்டிவிட்டு, காய்ச்சல் மாத்திரை பாதி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம், காய்ச்சிய தண்ணீர் நிறைய, உடம்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்றாள். மாத்திரையால் மட்டும் சரியாகும் என்று தான் சொல்லவில்லை என்பதையும் இரண்டு தடவை சொன்னாள்.

முதலுதவிப் பெட்டியில் ஓர் அட்டை இருந்தது. பத்து மாத்திரை.

“விதியில என்ன வார்த்தை போட்டிருக்கு, ஜெரோம்? சரியாப் படி,” என்றார் தில்லைநாயகி.

“‘மாற்றுப் பொருளாகவோ விலையாகவோ மருந்து தரலாகாது.’”

“விலையாத்தானே தரக் கூடாது?”

நைனா முகமது நிமிர்ந்தார். இரண்டு வாரத்துக்கு முன் கொசுறு என்றால் என்னவென்றே தெரியாத பெண்மணி, அகழாய்வுக் குழியை அளப்பதுபோல் நிதானமாக மேசையை அளந்துகொண்டிருந்தார். ஓட்டைக்குள் கையை விட்டுச் சுவடியைப் பிடித்தார். ஒரு தடவை விரலால் நீவினார். பிறகு அந்தப் பக்கமே திருப்பித் தள்ளிவிட்டார்.

“டாக்டரம்மா!”

“இத எடுத்தா அது விலையாயிரும், காக்கா. நாளைக்குப் பதினேழு குடுத்து நியாயமா வாங்கிக்கறேன்.” ஒரே ஒரு டம்ளரை எடுத்து வைத்தார். “இன்னைக்கு வழக்கமான யாவாரம். ஒரு டம்ளர், ஒரு கட்டுக் கருவாடு. மாத்திரை கொசுறு.”

ஜெரோம் தாளை மறுபடி படித்தான். “கொசுறப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல, மேடம்,” என்றான். குரலில் நிம்மதியும் பயமும் சரிபாதி.

மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது என்று அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டுமே. அதற்கு நைனா முகமதுவின் விரல் பாஷையில் குறி இல்லை. தில்லைநாயகி அந்தக் கையை மெல்ல இழுத்தார். சங்கு வளையல்களோடு முழங்கை வரை ஒரு கறுத்த மெல்லிய கை கொட்டகை வெளிச்சத்துக்குள் வந்தது. நைனா முகமது மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தில்லைநாயகி ஒரு மாத்திரையைப் பாதியாக உடைத்து, அந்த விரல்களில் கொடுத்துத் தடவிப் பார்க்கவிட்டார். பிறகு விரல்களைத் தன் உதட்டுக்குக் கொண்டுபோனார். பாதி மாத்திரையை அந்த விரல்களே தன் நாக்கில் வைக்கும்படி செய்தார். சுடவைத்த தண்ணீரில் அந்த விரல்களைத் தொடவிட்டு, அதைக் குடித்தார். விரல்களைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு விழுங்கினார்.

விரல்கள் தொண்டையிலேயே சற்று நேரம் இருந்தன. பிறகு ஒரு தட்டு. விளங்கியது என்று அர்த்தம்.

டம்ளரும் மாத்திரை அட்டையும் போயின. கருவாடு வந்தது. அதைக் கட்டியிருந்தது ஓலை இல்லை, நார்.

வெள்ளிக்கிழமை கை வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை. பதினேழு டம்ளரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. “அவசரப்பட்டுத் திருப்பிட்டீங்க,” என்று நைனா முகமது சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் இருக்கிறோம் என்பது தெரியும்படி உட்கார்ந்திருந்தார். ஓட்டை அரைத் தட்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குள் மூடிவிடும் என்றான் ஜெரோம்.

ஞாயிறு பத்து மணிக்குக் கோதண்டம் போன் செய்தார். “மூடுறதப் பாக்கணும்னு வந்துட்டே இருக்கேன்யா. பட்டணங்காத்தான் தாண்டிட்டேன். மிக்சர் வாங்கியாச்சு.”

அப்போதுதான் தில்லைநாயகி, “வந்துட்டாங்க,” என்றார்.

சின்னக் கை முதலில் வந்தது. குளிர்ந்து, வியர்த்து, பிசுபிசுவென்று இருந்தது. அது தில்லைநாயகியின் ஆட்காட்டி விரலைப் பிடித்து இழுத்தது. கடலை மிட்டாய் பழக்கம். ஜெரோம் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நைனா முகமது சுவரைப் பார்த்தபடியே, “கொறைஞ்சிருச்சா? கொறைஞ்சிருச்சா?” என்று நாலு தடவை கேட்டார்.

“சுவடியக் கேளுங்க, டாக்டரம்மா! பதினேழயும் வைங்க! நேரமில்ல!”

பெரிய கை வந்தது. பதினேழு என்று விரலால் சொல்வதற்குள் அது எதையோ உள்ளங்கையில் வைத்தது. எடைக்கு ஈடாக ஜெரோம் மிட்டாய்ப் பொட்டலத்தை வைக்க, அது இந்தப் பக்கம் வந்தது. இரண்டு மரப்பலகை. நடுவில் துளை, துளையில் கயிறு. சுவடியின் சட்டம். ஓலை ஒன்றுகூட இல்லை. பலகையின் ஓரம் கரிந்திருந்தது.

தில்லைநாயகி அதைப் புரட்டிப் பார்த்தார். “காய்ச்சின தண்ணி நிறையக் குடுக்கணும்னு பானு சொன்னாங்க,” என்றார். “அத நான்தான் சுடுதண்ணியத் தொடவிட்டுச் சொல்லிக் குடுத்தேன்.” ராத்திரியெல்லாம் அடுப்பு எரிய வேண்டியிருந்திருக்கும். கையெட்டும் தூரத்தில் காய்ந்த ஓலை இருந்திருக்கும் என்பதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அவர் கை மறுபடியும் உள்ளே போயிருந்தது. அந்தப் பக்கத்துக் கை மன்னிப்புக் கேட்கிறதா, விலை கேட்கிறதா என்று தெரியவில்லை. உள்ளங்கையில் தட்டிக்கொண்டே இருந்தது. ஓட்டை மணிக்கட்டை நெருக்கியது. ஜெரோம் அவர் தோளைப் பிடித்து இழுத்தான்.

பத்து நாற்பதுக்குச் சட்டத்துக்குள் இந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் கொட்டகைக் கதவு திறந்தது. கோதண்டம் என்று நினைத்து மூவரும் திரும்பினார்கள். நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி, கையில் தூக்குவாளியோடு வந்தாள். சுற்றிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

“எங்க என் நாற்காலி?”

மூவரும் அவளையே வெறித்துப் பார்த்தார்கள்.

“என்ன மேடம், பேயப் பாத்த மாதிரிப் பாக்குறீக? ஆறு வருசமா உங்ககூடக் குழி தோண்டுறவ, இந்த முத்திருளாயிக்கு ஒரு நாற்காலி போட மனசு வரலயா?”

ஜெரோமின் வாய் மெல்லத் திறந்து, திறந்தபடியே நின்றது. “வெளிய மாறிருச்சு,” என்றான். “காக்கா, வெளிய மாறிருச்சு.”

நைனா முகமது முதலில் வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி இருந்தாள், மீன் வாங்கி வரவில்லையென்று திட்டினாள். அவர் வாழ்நாளில் திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பானு இருந்தாள். ஜெரோம் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். தில்லைநாயகி கோதண்டத்தின் எண்ணைப் போட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. சென்னை அலுவலகத்தைக் கூப்பிட்டார். கோதண்டம் என்று யாரும் இங்கே வேலை பார்த்ததில்லையே, மேடம், என்றார்கள். இரண்டு தடவை எழுத்துக் கூட்டிச் சொல்லியும் அதே பதில்.

முத்திருளாயிக்கு இதெல்லாம் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரவழைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற எரிச்சலில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். பெருக்கும்போது வாய் தானாக முணுமுணுத்தது.

*ஒத்தக்கால் நாரையே, உப்பளத்து நாரையே,*
*போன கப்பல் வந்துச்சா, பொய் சொல்லாமக் கூறு…*

தில்லைநாயகியின் கையிலிருந்த மரப்பலகை கீழே விழுந்தது.

“அது… என்ன பாட்டு?”

“இதுவா? நடவுக்குப் பாடுறது. எங்க பக்கம் எல்லாரும் பாடுவாகளே. என்ன மேடம் புதுசாக் கேக்குறீக?”

“இது மாதிரி எத்தன தெரியும்?”

முத்திருளாயி துடைப்பத்தை நிறுத்தினாள். கேள்வி கேட்ட குரலில் இருந்த நடுக்கம் அவள் காதில் சரியாக விழுந்துவிட்டது. கண் லேசாகச் சுருங்கியது.

“நூறு, நூத்திச் சொச்சம் வரும். ஒரு பாட்டுக்கு என்ன குடுப்பீக?”

நைனா முகமது பதறிப்போய்த் தோளிலிருந்த துண்டை உருவினார். “டாக்டரம்மா, நீங்க பேசாம இருங்க!” ஆனால் தில்லைநாயகி ஏற்கனவே கையை நீட்டியிருந்தார். இந்தத் தடவை கை நடுங்கவில்லை.

பேரம் அரை மணி நேரம் நடந்தது. பாட்டுக்கு நூறு ரூபாய் என்று முடிந்ததும் முத்திருளாயி கையை மல்லாத்தி, விரல் நுனிகளை ஆட்டினாள். பதினேழு டம்ளரும் கொசுறாகப் போயின.

அவள் போன பிறகு, நைனா முகமது விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். அது அவர் பழக்கம். எந்த யாவாரமும் கணக்கு முடிக்காமல் எழுந்து போகமாட்டார்.

“டம்ளர் போச்சு, ஓடு வந்துச்சு. எடைக்கு எடை, நேர். சுவடி அடுப்புல போச்சு, பொழைச்ச புள்ள வாய்வழியாப் பாட்டா வந்துச்சு. நேர். மிட்டாய், மாத்திரை கொசுறு, அது கணக்குல வராது. ஆள் ஒண்ணு வரவு.”

விரல் அங்கே நின்றுவிட்டது. மேசைமேல் கோதண்டத்தின் ரப்பர் வளையம் கிடந்தது. அதன் பக்கத்தில் கோப்பு. கோப்பின் மேல் தாள், போன தடவை வந்தபோது அவர் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போன பயணப்படி பில். சென்னை–ராமநாதபுரம், போக வர, ரூபாய் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.

“இத என்ன பண்றது, காக்கா?” என்றான் ஜெரோம். “வாங்கிக்க ஆளில்லையே.”

நைனா முகமது நாலாவது விரலை மடக்கவில்லை.

“பாக்கின்னு எழுதிக்க, தம்பி,” என்றார். “ஆயிரத்து எண்ணூத்தி நாப்பது. அப்புறம் மிக்சர் ஒரு பொட்டலம்.”